சீனி மூட்டைகளுக்குப் பின்னால்

பினாங்கில் தைப்பூசத்தின் மூன்றாம் நாள் ரதம் தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து நகருக்கு இறங்கிய பிறகு, ஜாலான் உத்தாமா நெடுகிலும் ஒரு மணம் தங்கிவிடும். உடைத்த தேங்காய்களின் நீர் தார்ச்சாலையில் புளித்த வாடையும், கற்பூரப் புகையும், முந்தைய நாள் மோரும், குப்பை லோரியும் கலந்த அந்த மணத்தை நான் 22 ஆண்டுகளாக அறிவேன். அந்தச் சாலையோரத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு நான் கணக்குப் பிள்ளை. பந்தலைப் பிரிப்பதும் கணக்கு வழக்கில் அடக்கம் என்று யார் எப்போது முடிவு செய்தார்களோ தெரியவில்லை, ஒவ்வோர் ஆண்டும் விடியற்காலை ஐந்தரைக்கே வந்து வாடகை மேசைகளையும் நாற்காலிகளையும் எண்ணி லோரியில் ஏற்றுபவனும் நானாகவே இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான், மீந்துபோன சீனி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கைத்துப்பாக்கி அகப்பட்டது.

அதைக் கண்டவன் 19 வயதுப் பையன், கல்லூரி மாணவன். மூட்டையை நகர்த்தியபோது இடுப்பில் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பை ஒன்று கீழே கிடந்திருக்கிறது. அந்த மூன்று நாட்களில் நாங்கள் நான்கு பணப்பைகளையும் இரண்டு கைப்பேசிகளையும் ஒரு பல்செட்டையும் கண்டெடுத்திருந்தோம். ஆகையால் இதுவும் யாரோ தவறவிட்ட பணப்பைதான், ஐசி என்னும் அடையாள அட்டை இருந்தால் முகவரி பார்த்துக் கொடுத்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தில் பையை எடுத்து மேசைமேல் வைத்து ஸிப்பைத் திறந்திருக்கிறான். உள்ளே கைப்பிடி தெரிந்தது. அவன் கத்தவில்லை. என்னிடம் வந்து, பிறர் காதில் விழாதபடி, "அங்கிள், கொஞ்சம் வாங்க, பையில பிஸ்தோல் இருக்கு" என்றான். அவன் கைகள் இரண்டையும் உடம்பிலிருந்து சற்று விலக்கியே பிடித்திருந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஏதோ ஈரச் சாயத்தைத் தொட்டுவிட்டவன் போல.

நான் போய்ப் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒரு எட்டு தூரம் போதும்; அதற்குமேல் நெருங்கவில்லை. பொம்மையாக இருக்கலாம் என்ற எண்ணம் முதலில் எழுந்தது. அந்த எண்ணம் ஒரு பொறி என்பதை அப்போதே உணர்ந்திருந்தேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் உண்மையில் பொம்மையா நிஜமா என்று உறுதிப்படுத்திக்கொள்ள என் கையும் ஓர் அங்குலம் முன்னே போயிற்று. தடுத்தது அறிவு அன்று, பையனின் முகம். பொம்மை போலத் தோன்றினாலும் நிஜம் என்றே கொள்ள வேண்டும் என்பதற்கு மலேசியாவில் இன்னொரு காரணமும் உண்டு. அசலைப் போல் தோற்றமளிக்கும் போலித் துப்பாக்கியையும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விட்டுவைக்கவில்லை. எனவே இரண்டில் எதுவாக இருந்தாலும் அதைத் தீர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் அல்லர்.

கைப்பிடி பையின் வாய்ப்பக்கம் இருந்ததால், குழல் அதற்கு எதிர்ப்புறமாக, அதாவது சாலையைப் பார்த்துக் கிடக்கிறது என்று ஊகித்தேன். லோரிக்கருகே நின்றவர்களையும் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்களையும் அந்தத் திசையிலிருந்து விலக்கி, பந்தலின் பின்புறத்துக்கு வரச் சொன்னேன். மொத்தம் ஒன்பது பேர். அடுத்த ஐந்து நிமிடங்களில் அந்த ஒன்பது பேரும் நல்ல மனத்தோடு சொன்ன யோசனைகள் ஒவ்வொன்றும் எவ்வளவு பிசகானவை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன். இத்தகைய நேரத்தில் கெட்ட எண்ணத்தால் கேடு விளைவது அரிது. கீழே கிடக்கும் பொருளை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்று சிறு வயதிலிருந்து நமக்குச் சொல்லித்தந்திருக்கும் அந்தப் பொறுப்புணர்ச்சியே இங்கே எதிரியாகிவிடுகிறது.

முதல் யோசனை லோரிக்காரருடையது. பையை அப்படியே எடுத்து லோரியின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, போகிற வழியில் போலீஸ் நிலையத்தில் கொடுத்துவிடலாம் என்றார். நிலையம் ஐந்து நிமிடத் தூரந்தான். கேட்பதற்கு இதைவிட நியாயமான பேச்சு இருக்க முடியாது. பணப்பையாக இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் அந்தப் பொருள் அவர் வண்டியில், அவர் பூட்டில், அவருக்குத் தெரிந்தே இருக்கும். சட்டம் 'வைத்திருத்தல்' என்று சொல்லும்போது சொந்தமாக வைத்திருப்பதை மட்டும் சொல்வதில்லை. இன்னதென்று அறிந்து ஒரு பொருளைத் தன் ஆளுகையில் கொண்டிருப்பதே அதன் சாரம். உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டம் துப்பாக்கிக்கு இதை 14 ஆண்டுகள் வரை உயர்த்தி, அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படியையும் சேர்க்கிறது. நல்லெண்ணத்தோடு நிலையத்துக்குக் கொண்டு செல்பவரை எந்த நீதிமன்றமும் அப்படித் தண்டிக்காது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் வழியில் ஒரு சாலைத் தடுப்பில் லோரியை நிறுத்தி முன்பெட்டியைத் திறக்கச் சொன்னால், அந்த நல்லெண்ணத்தை நிறுவும் வேலை லோரிக்காரர் தலையில் விழும். அது போகட்டும், கைத்துப்பாக்கி உள்ள பையோடு நிலைய வாசலில் நுழையும் மனிதரைக் காவலில் நிற்கும் போலீஸ்காரர் எப்படிப் பார்ப்பார் என்பதை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. துப்பாக்கியைப் போலீசிடம் கொண்டுபோகக் கூடாது. போலீசைத் துப்பாக்கியிடம் வரவழைக்க வேண்டும்.

இரண்டாவது யோசனையைச் சொன்னவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பந்தலில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தோட்டாக்களைக் கழற்றிவிட்டால் வெறும் இரும்புதானே, பிறகு பயமில்லை, நான் கழற்றுகிறேன் என்றார். இந்த நாட்டில் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பழகியவர்கள் மிகச் சிலர் என்பதால், பழகியவர் ஒருவர் முன்வந்தால் கூட்டம் நிம்மதியாகிவிடுகிறது. எனக்கும் நிம்மதி வந்தது, மறுக்கவில்லை. அவரை நிறுத்தியது அவரது வயதான கண்கள்தான். அந்த அரையிருட்டில் அது எந்த வகை என்றே அவருக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்டார். அவரே பிறகு எனக்கு விளக்கியதை இங்கே எழுதுகிறேன். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் கைப்பிடிக்குள்ளிருக்கும் தோட்டாக் கூட்டை உருவிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். குழலின் அடியிலுள்ள அறையில் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அப்போதும் உள்ளேயே இருக்கும். அந்த ஒரு தோட்டாதான் 'காலித் துப்பாக்கி' வெடித்த கதைகள் பலவற்றின் கதாநாயகன். பாதுகாப்பு விசை எல்லா வகைகளிலும் வெளியே தெரியும்படி இருப்பதில்லை; சில வகைகளில் கையால் தள்ளும் விசையே கிடையாது. பழைய துப்பாக்கிகள் சில கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடியவை. காலால் ஓரமாகத் தள்ளிவிடலாம் என்பதும் ஆகாது.

தொடாமலிருப்பதற்கு இன்னொரு காரணம் தடயம். துப்பாக்கியின் மேற்பரப்பில் விரல் ரேகையும் வியர்வையோடு உதிர்ந்த தோலின் நுண்துணுக்குகளும் ஒட்டியிருக்கலாம். குழலின் உட்சுவரில் திருகலாக வெட்டப்பட்ட பள்ளங்கள் உண்டு; அவற்றின் வழியே பாயும் ஒவ்வொரு குண்டின் மீதும் அந்தக் குழலுக்கே உரிய கீறல்கள் பதியும். எங்கோ ஒரு வழக்கில் ஓர் உடலிலிருந்து எடுத்த குண்டின் கீறல்களையும், இந்தத் துப்பாக்கியால் சோதனைக்காகச் சுட்டு எடுக்கும் குண்டின் கீறல்களையும் நுண்ணோக்கியில் அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள். திரைப்படத்தில் துப்பறிபவர் குழலுக்குள் பேனாவை விட்டுத் துப்பாக்கியைத் தூக்குவாரே, அது அந்தக் குழலின் உட்புறத்தையே கெடுக்கும் வேலை. கைக்குட்டையால் எடுப்பதும் அப்படித்தான். எடுப்பவரின் ரேகை பதியாமல் போகலாம், முன்பிருந்த ரேகை அழிந்துபோகும். எங்கள் பந்தலில் ஒருவர், பையன் தொட்ட இடத்தைத் துடைத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். அந்தப் பையனைக் காப்பாற்ற வேண்டும் என்ற அன்பில் கேட்டார். துடைத்திருந்தால், கண்டெடுத்தவன் என்ற நிலையிலிருந்து தடயத்தை அழித்தவன் என்ற நிலைக்கு அவனை நாமே தள்ளியிருப்போம்.

மூன்றாவது யோசனையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதுதான் எல்லார் மனத்திலும் இருந்தது. பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மூட்டைகளை மூடிவிட்டு, ஒன்றும் அறியாதவர்களாகப் போய்விடுவது. நகரத் துப்புரவுப் பணியாளர்கள் காலையில் வருவார்கள், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இதை நான் கோழைத்தனம் என்று எளிதில் ஒதுக்க மாட்டேன். கூடியிருந்தவர்களில் ஐந்து பேர் இருபதை ஒட்டிய இந்தியப் பையன்கள். சாலைத் தடுப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் முதலில் தங்களைத்தான் இறங்கச் சொல்வார்கள் என்ற எண்ணத்தோடே வளர்ந்தவர்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று நான் ஆரம்பித்தபோது அவர்களில் ஒருவன் சொன்ன பதில் பனைமரத்தடியில் பால் குடித்த கதை. எனக்கு மறுமொழி இல்லை.

என் தலைமுறைக்கு அந்தப் பயம் வேறு வழியாகவும் வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்படும் வரை, அதன் 57-ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு மரணத்தைக் கட்டாயத் தண்டனையாக வைத்திருந்தது. 1977-இல் 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு அந்தப் பிரிவின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டதையும், நாடே கொந்தளித்த பின் அவன் உயிர் தப்பியதையும் எங்கள் வீடுகளில் கதை போலச் சொல்வார்கள். "ஒரு தோட்டா இருந்தாலும் தூக்கு" என்பது என் தந்தையார் வாயில் பழமொழி. தோட்டத்தில் ஜாகா வேலை பார்த்தவர் அவர். இரவுக் காவலுக்கு நிர்வாகத்தார் கொடுத்த இரட்டைக் குழல் துப்பாக்கியைக் காலையில் ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகே பல் துலக்கப் போவார். அத்தகைய பயத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை, கண்டதைக் காணாதது போலப் போவதையும், தெரியாமல் கையில் சிக்கியதைக் கடலிலோ ஆற்றிலோ வீசுவதையும் அறிவுடைமை என்று நினைத்ததில் வியப்பில்லை. சட்டம் மாறிவிட்டது. துப்பாக்கிக் குற்றங்களில் எஞ்சியிருந்த கட்டாய மரண தண்டனையையும் 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டம் நீக்கி, முடிவை நீதிபதியின் கையில் விட்டிருக்கிறது. பயம் மட்டும் திருத்தப்படாமல் வீடுகளில் இருக்கிறது.

காணாதது போலப் போவதில் உள்ள ஓட்டை என்னவென்றால், அந்தப் பை எங்கள் மேசைமேல் திறந்த நிலையில் இருந்தது. பையனின் ரேகை ஸிப்பில் இருந்தது. பந்தல் எங்கள் பெயரில் அனுமதி பெற்றது. அடுத்து அதைக் காணப்போகிறவர் யாரென்றும் நமக்குத் தெரியாது. துப்புரவுப் பணியாளர் காண்பதற்குமுன், உடையாத தேங்காய் பொறுக்கிக்கொண்டு அந்தச் சாலையில் திரியும் சிறுவர்கள் காணலாம்.

அவசர உதவி எண்ணான 999-ஐ நானே அழைத்தேன். பையனை அழைக்கச் சொல்லவில்லை; இத்தகைய அழைப்பைக் கூட்டத்தில் வயதில் மூத்தவர் செய்வது நல்லது என்பது என் எண்ணம், பேசும்போது குரல் நடுங்காது என்பதற்காக மட்டுமன்று. அழைப்பை எடுப்பவர் முதலில் எந்தச் சேவை வேண்டும் என்று கேட்பார், அடுத்து இடத்தைக் கேட்பார். இடத்தைச் சொல்வதில்தான் நான் தடுமாறினேன். இத்தனை ஆண்டுகளாக அதே இடத்தில் பந்தல் போடுகிறவன், சாலைப் பெயருக்குமேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் எதிரிலிருந்த பேருந்து நிறுத்தத்தையும் லோரியின் நிறத்தையும் எண்ணையும் சொன்னேன். கைத்துப்பாக்கி போன்ற ஒரு பொருள், திறந்த பையில், மேசைமேல். துப்பாக்கியைத் தொடவில்லை, பையை மட்டும் ஒருவர் தொட்டிருக்கிறார். இங்கே ஒன்பது பேர் இருக்கிறோம், எவர் கையிலும் ஆயுதமில்லை. வெள்ளைச் சட்டையும் மஞ்சள் வேட்டியும் கட்டிய வயதானவன் சாலையோரத்தில் கையசைத்துக்கொண்டு நிற்பேன். என் உடையைச் சொன்னது தற்செயல்தான். ஆனால் வந்த அதிகாரி இறங்கியதும் நேரே என்னிடம் வந்தபோது அதன் பயன் விளங்கிற்று. துப்பாக்கி இருப்பதாகத் தகவல் கிடைத்து வருபவர்கள் யார் யார் என்று தெரியாத கூட்டத்துக்குள் இறங்குகிறார்கள். அவர்களுக்கும் பயம் இருக்கும்.

அவர்கள் வரும்வரை சென்ற 20 நிமிடங்களைப் போல நீண்ட நேரத்தை நான் அதிகம் அறிந்ததில்லை. நாற்காலிகளையும் மேசைகளையும் பக்கவாட்டில் கவிழ்த்துத் தூரத்தில் ஒரு வேலி போலச் செய்தோம். பெரிய அண்டாவைப் பைமேல் கவிழ்த்து மூடிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அண்டாவின் விளிம்பு பையை இடிக்கும் என்பதால் வேண்டாம் என்றோம். ஆனால் குழந்தைகள் நெருங்கும் கூட்டமாக இருந்து தடுக்கவும் ஆளில்லை என்றால் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். இருவரை மட்டும் வேலிக்கருகே நிறுத்தினேன், ஒருவரை நிறுத்தவில்லை. தனியாக நின்றவர் என்ன செய்தார் என்று பிற்பாடு சாட்சி சொல்ல இன்னொருவர் இருப்பது அவருக்கே நல்லது. அந்த நேரத்தில் யாராவது வந்து, ஐயா அது என் பை, வேலைக்கு வந்தபோது மறந்துவிட்டேன், மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று கெஞ்சினால் என்ன செய்வது என்பதையும் பேசிக்கொண்டோம். அப்படி யாரும் வரவில்லை. வந்திருந்தால், சீருடையே அணிந்திருந்தாலும், வரப்போகும் அதிகாரிகளிடம் சொல்லுங்கள் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுத்தனுப்பிவிட்டால், யாரிடம் கொடுத்தோம் என்பதற்கு நம்மிடம் ஒரு பெயர்கூட மிஞ்சாது.

இதற்கிடையில் ஒருவன் கைப்பேசியில் படமெடுத்து நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டான். அழிக்கச் சொல்வதற்குள் அது வேறு மூன்று குழுக்களுக்குப் போயிருந்தது. வேடிக்கை பார்க்க மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். எங்கள் வேலிக்கு வந்த ஒரே சோதனை அதுதான்.

அதிகாரிகள் வந்தார்கள், நாடாவைக் கட்டினார்கள், கையுறை அணிந்து தங்கள் வேலையைச் செய்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையும் இல்லை, விவரமும் போதாது. பையனையும் என்னையும் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். நான் ரிப்போர்ட் கொடுத்தேன். அது மலாயில் பதிவாயிற்று, படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன், நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நகல் இன்றும் என் பந்தல் கணக்குக் கோப்பில் இருக்கிறது. பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்கீழ் இருவரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கினார்கள். அது சாட்சியிடம் வாங்கும் வாக்குமூலம். உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர் நாம், ஆனால் நம்மையே குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்கும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. உள்ளே போகுமுன் பையனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: மூட்டையை நகர்த்தினது, பையை எடுத்தது, ஸிப்பைத் திறந்தது, எந்தக் கையால் திறந்தது என்பதுவரை நடந்தபடி சொல்லு, நல்லதாகத் தோன்ற வேண்டும் என்று ஒரு சொல்லும் சேர்க்காதே. மொத்தம் மூன்று மணி நேரம் ஆயிற்று. அவனிடம் கடுமையாக யாரும் பேசவில்லை என்று அவன் சொன்னான். எல்லாருக்கும் எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்று அந்த ஒரு காலையை வைத்து நான் உறுதி கூற மாட்டேன். தனியாகப் போயிருந்தால் எப்படி இருந்திருக்குமோ என்று அவன் அம்மா கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் கண்டெடுத்த பையன்களோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் நிலையம்வரை செல்ல வேண்டும் என்று இன்றும் வற்புறுத்துகிறேன். துப்பாக்கி யாருடையது என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை.

வீட்டுக்குள் கிடைக்கும் துப்பாக்கி வேறு வகைச் சிக்கல். தீவுக்கு மறுகரையில், பெருநிலத்துச் செபராங் பிறையில், காட்டுப்பன்றி வந்து தோட்டத்தை அழிக்கும் பகுதியில் என் சிற்றப்பா உரிமத்தோடு ஒரு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தார். அவர் காலமான எட்டு மாதங்களுக்குப் பிறகு, சித்தி அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய புடவையில் சுற்றிய அந்த நீளமான பொருளைக் காட்டி, "உன் சித்தப்பா லைசென்ஸ் இருக்குப்பா, பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார். உரிமம் துப்பாக்கிக்குக் கொடுக்கப்படுவதில்லை, மனிதருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டையும் நகையையும் போல அது வாரிசுக்கு இறங்குவதில்லை. அங்கேயும் நாங்கள் அதை வண்டியில் ஏற்றவில்லை. மரணச் சான்றிதழையும் உரிமப் புத்தகத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய் நிலைமையைச் சொன்னோம். அவர்களே வந்து எடுத்துச் சென்றார்கள். மேசை இழுப்பறையில் சாவிக்கொத்தில் தொங்கிய ஒரு தோட்டாவையும் சித்தி நினைவாக வைத்துக்கொள்ளக் கேட்டார். தோட்டாவும் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான் என்று அதிகாரி மென்மையாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மண்ணுக்கடியிலிருந்து கிளம்பும் பழைய வெடிபொருள்களைப் பற்றி ஒரு சொல் மட்டும். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுனைத் தாக்கின. அந்தப் போரின் குண்டுகள் இந்த நாட்டின் கட்டுமான இடங்களில் இன்னும் அகப்படுகின்றன. துருப்பிடித்த குண்டைப் பழைய இரும்பு என்று எடை போடப் புறப்படுகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: கைத்துப்பாக்கியைப் போல ஒருவரையோ இருவரையோ மட்டும் கொல்லும் பொருள் அன்று அது. மேசைகளைக் கவிழ்த்த தூரமெல்லாம் அதற்குப் போதாது. இடத்தையே காலி செய்துவிட்டு அழைக்க வேண்டும்.

அன்று காலை பந்தலில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். சிரப் கலக்கும் எங்கள் நண்பரின் மகன். மூன்று நாளும் கோப்பை நிரப்பும் வேலை அவனுடையது. சீனி எடுக்க மூட்டைகளுக்குப் பின்னால் முதல் நாள் இரவுகூடப் போயிருக்கிறான். அந்த நினைப்பு என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில், துப்பாக்கியைக் கண்டால் நில், தொடாதே, அங்கிருந்து ஓடு, பெரியவரிடம் சொல் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் திட்டம் ஒன்று 1988-லிருந்து நடக்கிறது. சொற்கள் சரியானவைதான். ஆனால் 2001-இல் அங்கே வெளியான குழந்தை மருத்துவ ஆய்வு ஒன்று என்னை உலுக்கியது. 8 முதல் 12 வயதுவரையுள்ள 64 சிறுவர்களை 29 சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டார்கள். ஓர் இழுப்பறையில் தண்ணீர்த் துப்பாக்கிகள், இன்னொன்றில் வெடிக்காதபடி மாற்றிய நிஜக் கைத்துப்பாக்கி. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 21 குழுக்கள் நிஜத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன. அவற்றுள் 16 குழுக்கள் அதைக் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாராவது ஒருவன் விசையை அழுத்தினான். எடுத்தவர்களிலும் அழுத்தியவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி முன்பே ஏதோ ஒரு வகையில் சொல்லித்தரப்பட்டவர்கள்.

என் பிள்ளை தொடமாட்டான் என்று அந்தச் சிறுவர்களின் பெற்றோரும் நினைத்துத்தான் இருந்திருப்பார்கள். ஆகவே பிள்ளைக்குச் சொல்லித்தருவது ஒருபுறமிருக்க, பிள்ளை போவதற்குமுன் நாம் போய்ப் பார்ப்பது பந்தல் நடத்துகிறவர்களின் வேலை என்று எங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சொன்னேன். மூட்டைகளுக்குப் பின்னால், மேசைத் துணிக்கடியில், தற்காலிகக் கழிப்பறையின் தட்டின்மேல், ஒவ்வொரு பணிமுறை முடியும்போதும் இருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று பணிப் பட்டியலில் சேர்த்தோம். கண்டெடுத்த பையை ஐசி தேடித் திறக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பணியில் உள்ள போலீஸ்காரரைக் கூப்பிடுகிறோம். தைப்பூசத்தில் அவர்கள் நூறு அடிக்கு ஒருவராவது நிற்கிறார்கள். பந்தலுக்கு எதிரிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணையும் அந்தப் பட்டியலின் தலையில் எழுதிவைத்தேன்.

கூட்டத்தில் இதையெல்லாம் விளக்கியவன், பையைத் திறந்த அதே பையன்தான். இப்போது அவன் வேலைக்குப் போகிறான். அவன் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் அப்பாவின் மடியை ஒட்டி உட்கார்ந்திருந்த, அதற்குள் பதினொன்று ஆகிவிட்ட அந்தச் சிறுவன் கையைத் தூக்கி, "பெரியவங்க எல்லாரும் ரதம் பார்க்கப் போயிட்டா நான் யாருகிட்ட சொல்றது?" என்று கேட்டான். ரதம் வரும் இரவு அதைப் பார்க்க ஆறு பேராக மட்டும் போவது, மீதிப் பேர் பந்தலில் இருப்பது என்று அப்போதே பெயர் எழுதத் தொடங்கினோம். முதலில் தங்குபவர்கள் வரிசையில் என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.